அஜைலுக்குச் ‘சுறுசுறுப்பு’ பொருந்தவில்லை: ‘தகவமை முறை’ என்ற முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மென்பொருள் உருவாக்க முறைகளுக்கான சொற்பட்டியலில் அஜைல் (வேலையைச் சிறு பகுதிகளாகச் செய்து காட்டி, வரும் கருத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு செல்லும் முறை) என்பதற்குச் ‘சுறுசுறுப்பு முறை’ என்று இடப்பட்டிருப்பதை மாற்ற வேண்டுகிறேன். அகராதிப்படி அதில் பிழை இல்லை. ஆனால், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்காக நான் எழுதிய தமிழ்க் கையேட்டில் அச்சொல்லைக் கண்ட ஒருவர், “அப்படியானால் பழைய முறையில் வேலை செய்தவர்கள் சோம்பேறிகளா?” என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. சுறுசுறுப்பு என்பது ஆளின் குணம். நாம் பெயரிட முயல்வதோ வேலையை வகுத்துக்கொள்ளும் வழியை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கையின் நான்கு விழுமியங்களுள் எதுவும் வேகத்தைப் பற்றியதன்று. போட்ட திட்டத்தின்படியே நடப்பதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பதை மேலாக மதிக்கிறது நான்காவது விழுமியம். இம்முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. எங்கள் குழு ஒரு கட்டண ரசீது மென்பொருளைச் செய்தபோது, இரண்டு வாரம் கழித்து முதல் திரையைக் காட்டினோம். அதைப் பார்த்த கணக்காளர், தொகையை எண்ணில் மட்டுமல்லாமல் எழுத்திலும் அச்சிட வேண்டும் என்றார். தேவைப் பட்டியலில் அது இல்லை. ஆயினும் அடுத்த இரண்டு வாரத்துக்கான வேலையில் அதைச் சேர்த்துக்கொண்டோம். இதில் விரைவு எங்கே இருக்கிறது? தக்கபடி தன்னை அமைத்துக்கொள்ளும் பாங்குதான் இருக்கிறது.

ஆகவே ‘தகவமை முறை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். தகவமைப்பு என்பது தமிழ்நாட்டு உயிரியல் பாடநூல்களில் பழகிய சொல். இலங்கையில் அதையே இசைவாக்கம் என்பார்கள். ‘தகவமைப்பு முறை’ என்று பெயர்ச்சொல்லாக வைக்காமல், ‘தகவமை’ என்று வினைத்தொகையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஊறுகாய் என்பது ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என முக்காலத்தையும் உள்ளடக்குவதுபோல, தகவமை முறையும் ஒருமுறை மாறிவிட்டு நின்றுவிடாத, மாறிக்கொண்டே இருக்கும் முறையைக் காட்டும். வல்லினமும் மிகாது: தகவமை குழு, தகவமை பயிற்சி என்று தடையின்றிப் பெருகும். ‘நெகிழ்முறை’யையும் எண்ணிப் பார்த்தேன், நெகிழி என்பது பிளாஸ்டிக்கிற்கு நிலைத்துவிட்டதால் கைவிட்டேன்.

இதற்கு எதிர்நிலையில் நிற்கும் வாட்டர்ஃபாலுக்கு, பட்டியலில் உள்ள ‘நீர்வீழ்ச்சி’யைவிட ‘அருவி முறை’ நன்று. அருவி நம் பழஞ்சொல், குறுகியது. விழுந்த நீர் மேலேறாது என்பதால், தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என ஒரு கட்டம் முடிந்தபின் அதற்குத் திரும்பாத முறைக்கு உவமையும் பொருந்துகிறது. 1970இல் அமெரிக்க மென்பொருள் அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையை இம்முறையின் மூலமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அதில் அருவி என்ற பெயரே இல்லை என்பதும், சோதனையைக் கடைசியில் வைக்கும் அந்த நேர்கோட்டு அமைப்பு இடர் மிக்கது என்று அவரே எச்சரித்தார் என்பதும் சொல்விளக்கத்தில் இடம்பெற வேண்டும். தகவமை முறையில் பணியை நடத்தும் வழிகளான கான்பான் (வேலைகளைப் பலகையில் இட்டு நகர்த்துவது), ஸ்க்ரம் (வேலையைக் குறுங்காலக் கூறுகளாகப் பிரித்துச் செய்வது) இரண்டையும் பெயர்களாகக் கொண்டு அப்படியே எழுதலாம்.

இன்னொரு சிக்கலுக்கும் தீர்வு வேண்டும். பிளான், புராஜெக்ட் இரண்டையும் தமிழ்நாட்டில் ‘திட்டம்’ என்றே எழுதுகிறோம். அந்த நான்காம் விழுமியத்தை விளக்கும்போது, எந்தத் திட்டத்தைச் சொல்கிறோம் என்பதே குழம்பிவிடுகிறது. இலங்கையில் வழங்கும் ‘செயற்றிட்டம்’ என்பதைப் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டால் ‘செயற்றிட்ட மேலாண்மை’ என்று தெளிவாக எழுத முடியும்.

ஸ்க்ரமில் ஒரு சுற்று வேலைக்கென ஒதுக்கும் குறுங்காலக் கூறான ஸ்பிரிண்ட் என்பதற்கு ‘விரைவோட்டம்’ என்றால் மீண்டும் வேகம் வந்துவிடும். நான் ‘தவணை’ என்கிறேன். ஸ்க்ரமில் ஒரு ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேற்படாது. வேலை முடியாவிட்டாலும் காலத்தை நீட்டுவதில்லை, மீந்த வேலைதான் பட்டியலுக்குத் திரும்பும். இப்படி நாள் குறித்த காலக்கூறுக்குத் தவணை என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. இலங்கைப் பள்ளிகளில் ஆண்டின் பகுதிகளை முதலாம் தவணை, இரண்டாம் தவணை என்றே எண்ணுகிறார்கள். கடன் தவணையை நினைவூட்டும் என்ற மறுப்பு எழலாம். ஆனால் ‘மூன்றாம் தவணையில் ரசீது அச்சு முடியும்’ என்ற வாக்கியத்தை எவரும் கடனாகப் படிக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக் என்பதற்கு ‘நிலுவைப் பட்டியல்’ என்று எழுதிப் பார்த்தேன். காலம் கடந்துவிட்ட வேலை என்ற பொருள் அதில் ஏறிவிடுவதால் தயங்குகிறேன். இனிமேல்தான் செய்ய வேண்டிய வேலையைக் குற்றம் சாட்டாமல் குறிக்கும் சொல் எவருக்கேனும் தோன்றினால், எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் எழுதுங்கள்.