அப்பாவின் குறட்டை இடையில் நின்றுபோகிறது, எந்த டாக்டரிடம் காட்டுவது?

குலசேகரம் மகள்:
அப்பாவுக்கு 56 வயது, ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால் ஷீட் அடித்துவிட்டுத்தான் வருவார். வந்து உட்கார்ந்தால் கையில் சாயா இருக்கும்போதே கண் சொக்கிவிடும். சீக்கிரம் எழும்புகிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். ஆனால் ராத்திரி குறட்டை பலமாக இழுத்துக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சுச் சத்தமே இருக்காது. அப்புறம் பெரிய திணறலோடு மூச்சு வரும். மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை. உறக்கம் சரியில்லை என்று இப்போது மெடிக்கலில் உறக்க மாத்திரை கேட்கிறார். கொடுக்கலாமா?

தக்கலை டிரைவர்:
தங்கச்சி, அந்த மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது அப்படியே எனக்கு இருந்ததுதான். இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். உறங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உசுப்பிவிடும், மூச்சு வரும், மறுபடி அடைக்கும். ராத்திரி முழுக்க இதுதான் நடக்கும். நமக்கு எழும்பின நினைவே இருக்காது. அதனால்தான் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அசதி போவதில்லை.

தலையில் ஒயர், நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி பரிசோதித்தார்கள். எனக்கு மணிக்கு 38 தடவை மூச்சு அடைபடுகிறது என்று வந்தது. சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். அது ஆக்சிஜன் தருகிற மெஷின் இல்லை. சாதாரணக் காற்றையே அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. மாஸ்க் மூக்கோரம் கசிந்து கண்ணில் காற்றடித்தது. அளவு மாற்றின பிறகு சரியானது. இப்போது திருநெல்வேலி வரை வண்டி ஓட்டினாலும் கண் இழுப்பதில்லை. அப்பா பைக் ஓட்டுவாரா? பரிசோதனை முடிகிறவரை சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை.

மார்த்தாண்டம் நர்ஸ்:
அண்ணன் சொன்னது சரி. உறக்க மாத்திரையும் சாராயமும் தொண்டையை இன்னும் தளர்த்தும். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 தடவை வரை அடைபட்டால் லேசானது, 30க்கு மேல் கடுமையானது. பிரஷர் அடங்காததற்கும் இது காரணமாக இருக்கலாம். ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் நெஞ்சுநோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். போகுமுன் குறட்டை நின்று திணறுவதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் போதும், டாக்டருக்கு அது ரொம்ப உதவும். அதுவரை மல்லாந்து படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

குலசேகரம் மகள்:
நன்றி அக்கா, அண்ணே. மெஷினை ஆயுசுக்கும் மாட்ட வேண்டுமா? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய்விடும்.

தக்கலை டிரைவர்:
மாட்டுகிற அன்றைக்குத்தான் பலன். எடை குறைந்தால் சிலருக்கு அடைப்பும் குறையும், அதை மறுபரிசோதனையில்தான் சொல்ல முடியும். கரண்டுக்கு நான் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். உடனே விலைக்கு வாங்க வேண்டாம், முதலில் வாடகைக்கு எடுங்கள். மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று படுத்துப் பார்த்தே வாங்குங்கள். உட்கார்ந்து போட்டால் சரியாக இருப்பது படுத்ததும் கசியும்.