ஒரே வலையில் ஒரு லட்சம் சிலந்தி: நிஜமா? ஏன் ஒன்றையொன்று தின்னவில்லை?

இரவுப்பறவை:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. கிரேக்கம், அல்பேனியா எல்லையில் ஏதோ கந்தகக் குகையாம், பழைய கொசுவலையை நாலாக மடித்துச் சுவரில் ஒட்டிவைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் சிலந்தி வலை, அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் சிலந்திகள் என்கிறார்கள். ஒட்டடை அடிக்கும்போது ஒரு எட்டுக்கால் பூச்சி கையில் ஏறினாலே துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆள் நான். ஆனால் இதைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன், உடம்பெல்லாம் கூசுகிறது, விரல் திரும்பத் திரும்ப அதையே அழுத்துகிறது. காலையில் மனைவியிடம் காட்டினேன். சாப்பிடுகிற நேரத்தில் இதையா காட்டுவீர்கள் என்று திட்டிவிட்டு, போனைப் பிடுங்கி அவளும் மூன்று தடவை பார்த்தாள்.

இது நிஜமா, ஏஐ வேலையா? சிலந்தி தனிக்கட்டை, பக்கத்தில் வந்தால் சொந்த இனத்தையே தின்னும் என்றுதானே படித்தோம்? அப்புறம் அந்த இருட்டில் அத்தனைக்கும் சோறு எங்கிருந்து வருகிறது?

கருங்குருவி:
நிஜம்தான். 2022இல் செக் நாட்டுக் குகை ஆய்வாளர்கள் முதலில் பார்த்தார்கள், இஷ்ட்வான் உராக் என்பவர் தலைமையிலான குழு போய் எண்ணி அளந்து 2025இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. வலை 106 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,140 சதுர அடி, நம் ஊரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் அளவு. மொத்தம் ஏறக்குறைய 1,11,000 சிலந்திகள். அதில் 69,000 டெஜெனேரியா டொமெஸ்டிகா, ஐரோப்பாவில் வீட்டு மூலையில் புனல் மாதிரி வலை கட்டுகிற சாதாரணச் சிலந்தி. மீதி 42,000 பிரினெரிகோனே வேகன்ஸ், கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

ஆனால் "ஒரே வலை" என்பது தலைப்புக்காகச் சொல்வது. ஆயிரக்கணக்கான தனித்தனிப் புனல்கள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே போர்வை மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் நினைப்பது போல அது கூட்டுக்குடும்பம் இல்லை, ஒண்டுக்குடித்தனம். சுவர் பொது, அடுப்பு தனி. வெளியே என்றால் அந்தப் பெரிய சிலந்தி சின்னதைப் பிடித்துத் தின்றுவிடும். உள்ளே விட்டுவைக்கிறது, இருட்டில் கண் சரியாகத் தெரியாததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கென்னவோ சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாததுதான் பெரிய காரணம் என்று படுகிறது. குகைக்குள் ஓடுகிற தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது, அதே அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கந்தகத்தைக் கொண்டு பாக்டீரியா வழவழவென்று ஒரு படலமாக வளர்கிறது, அதைத் தின்று கடிக்காத கொசு ஒன்று மேகம் மேகமாகப் பெருகுகிறது, அந்தக் கொசு நேராக வலைக்குள். இதில் சூரிய வெளிச்சத்துக்கு வேலையே இல்லை, எனக்கு ஒரு லட்சம் சிலந்தியைவிட அதுதான் ஆச்சரியம். இன்னொன்று, குகைச் சிலந்திகளின் டிஎன்ஏ வெளியே இருக்கிற அதே இனத்திலிருந்து வேறுபடுகிறதாம், அப்படியென்றால் உள்ளே போனது வெளியே வருவதில்லை போல.

தயிர்சாதம்:
ஒண்டுக்குடித்தனம் என்கிறீர்கள், ஒரு குழாயடிச் சண்டைகூட இல்லையா?

மூன்றாம்ஷிஃப்ட்:
சாப்பாடுதான் காரணம் என்பதற்கு நான் சாட்சி. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை எனக்கு. தொட்டிக்கு மேலே எரிகிற விளக்கைச் சுற்றி ராத்திரி அந்தக் கடிக்காத கொசுதான், காலையில் விளக்குக் கம்பத்தடியில் கூட்டி அள்ளினால் முறம் நிறைய வரும், ஈரமான தவிடு மாதிரி இருக்கும். கைப்பிடிக் கம்பியெல்லாம் நூலாம்படை, துடைத்த மறுநாளே திரும்ப இருக்கும்.

இதே கதை 2009இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கேயும் கழிவுநீர் நிலையம்தான், சுமார் 4 ஏக்கர் கட்டடம், கூரைக்கடியில் முழுக்க வலை, கணக்குப் போட்டால் 10.7 கோடி சிலந்திகள். வந்து பார்த்த நிபுணர்கள் அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா, இவை ஒன்றும் செய்யாது என்று பணியாளர்களுக்குத் தைரியம் சொல்லுங்கள், சாதனை அளவிலான இயற்கை அதிசயமாக இதை மக்களுக்குக் காட்டுங்கள் என்று. எங்கள் சூப்பர்வைசரிடம் சொன்னேன், அதிசயத்தை வெள்ளிக்கிழமைக்குள் சுத்தம் செய் என்றார்.

அங்கே இருந்த இரண்டு முக்கிய இனங்களில் ஒன்று, 2007இல் டெக்சாஸின் டவகோனி ஏரிப் பூங்காவில் மரங்களை மூடிய அதே இனம். அந்த வலை முதலில் வெள்ளையாக இருந்ததாம், கொசு விழுந்து விழுந்து பழுப்பாகிவிட்டது.

இலந்தைமுள்:
கூட்டுக்குடும்பமாகவே வாழ்கிற சிலந்தியும் உண்டு, அதற்குக் கிரேக்கம் வரை போக வேண்டியதில்லை. ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம், இந்தியாவில் வறண்ட முள்காடுகளில் இருக்கிறது, ஆந்திராவில் குப்பம் என்கிற ஊர்ப் பக்கம் விஞ்ஞானிகள் வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம். அப்பா காட்டு வேலியில் அழுக்குப் பஞ்சு உருண்டை மாதிரி தொங்கும், காய்ந்த இலை, வண்டு ஓடு, இறக்கை எல்லாம் அதில் ஒட்டியிருக்கும், அங்கங்கே விரல் நுழைகிற ஓட்டை. சுற்றிலும் விரித்த வலையைச் சோளத்தட்டை நுனியால் லேசாக உதறினால் ஓட்டைக்கு ஒன்றாக ஆறேழு சாம்பல் நிறச் சிலந்திகள் சேர்ந்து ஓடிவரும், ஏமாந்ததும் அப்படியே நின்று யோசிக்கும். பெரிய வெட்டுக்கிளி மாட்டினால் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துப் பங்கு போட்டுத் தின்னும். குஞ்சுகளுக்குத் தாய் தன் வயிற்றிலிருந்து கக்கி ஊட்டும், கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். சின்ன வயதில் அதை ஒட்டடை என்று நினைத்துக் கொளுத்தியிருக்கிறோம்.

இரவுப்பறவை:
தாயைத் தின்கிற இடத்தை மனைவிக்குச் சத்தமாகப் படித்தேன், தப்பு. இப்போது அந்த உருண்டையையும் பார்க்க வேண்டுமாம். எப்போது வந்தால் தெரியும்?

இலந்தைமுள்:
கூடு பகலிலேயே தெரியும், ஆட்கள் வெளியே வருவது இருட்டிய பிறகுதான். டார்ச் கொண்டுவாருங்கள். வேலியைப் போன மாதம் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள், கிழக்கு மூலையில் இரண்டு மிச்சம் இருக்கிறது.