மறுமொழி: லாமியனுக்குத் தமிழ்ச்சொல் – 'நீட்டு' நிலைக்கட்டும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். சீனாவில் கையால் நீட்டிச் செய்யும் கோதுமை நூடுல்ஸான லாமியனுக்கு, நம் செய்முறைப் பக்கத்துக்காகத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> 'கையிழுப்பு நூடுல்ஸ்' என்றாலே புரியுமே?

புரியும். ஆனால் இழுப்பு என்றதும் மூச்சிழுப்பும் வலிப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும்; சாப்பாட்டுப் பெயரில் அது வேண்டாம். 'இழுவை'யோ இயற்பியலுக்கும் இழுவைப் படகுக்கும் போய்விட்டது. இன்னொருவர் சொன்ன 'நூலப்பம்' இடியாப்பத்துக்கு வழங்கும் பெயர், அரிசி மாவை அச்சில் பிழிவது. லாமியனுக்கு அச்சும் இல்லை, அரிசியும் இல்லை. கோதுமை மாவைக் கையால் நீட்டி நீட்டியே இழையாக்குகிறார்கள். சீனத்தில் 'லா' என்றால் இழுத்தல்; செய்கையே பெயர். நம் கடைகளில் வீச்சுப் பரோட்டாவும் கொத்துப் பரோட்டாவும் பெயர் பெற்றது அப்படித்தானே? ஆகவே என் பரிந்துரை, வினைத்தொகையாக, 'நீட்டிழை'.

> பியாங்பியாங் என்ற வகை நூடுல்ஸ் இடுப்புவார் அகலம் இருக்கிறது. அதை இழை என்பதா?

கூடாது. 'நீட்டு' என்ற வேரை நான் விடாமல் பிடித்திருப்பதே இதற்காகத்தான்: இழையானாலும் பட்டையானாலும் செய்கை நீட்டுவதுதான். கான்சு மாகாணத்து லான்ஜோவில் ஹுய் முஸ்லிம்கள் செய்யும் மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கு, ஒரே மாவு உருளையை மடித்து மடித்து நீட்டுவார்கள். எட்டு முறை இரட்டித்தால் 256 இழை. அந்த மாவில் பெங்ஹுய் சேரும். பாலைச் செடியை எரித்தெடுத்த காரச்சாம்பல் அது; பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட். மாவின் பசையம் (குளூட்டன்) அதனால் வலுப்பட்டு, இழை அறாமல் நீளும். சியான் நகரம் இருக்கும் ஷான்சி மாகாணத்துப் பியாங்பியாங்குக்குச் சாம்பல் வேண்டியதில்லை. எண்ணெய் தடவி வைத்த துண்டின் இரு முனையையும் பிடித்து, மேசையில் அறைந்தபடி நீட்டினால் போதும். இதற்கு 'நீட்டுப்பட்டை'. நம் செய்முறைப் பக்கம் வீட்டுச் சமையலுக்கானது. அங்கே வர வேண்டியதும் இதுதான்.

> மாவுக்கு 'ஓய்வு' கொடுக்கவும் என்று எழுதலாமா?

தயவுசெய்து வேண்டாம். பரோட்டா மாவை ஊறவைக்காத வீடு உண்டா? அந்தச் சொல்லே இருக்கட்டும். அரைக் கிலோ மைதா, கால் லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. பிசைந்து அரை மணி நேரம் ஊறட்டும், துண்டாக்கி எண்ணெய் தடவி இன்னொரு மணி நேரம் ஊறட்டும். காரணத்தையும் ஒரு வரி சேர்ப்போம். பசையத்தின் இரு புரதங்களில் குளூட்டெனின் மாவைப் பழைய நிலைக்கே திரும்ப இழுக்கும், கிளியாடின் நீள விடும். பிசைந்த கையோடு நீட்டினால் மாவு சுருங்கிக்கொள்வது முதலாவதன் வேலை. பாடநூலில் 'மீட்சிப் பண்பு' ஏற்கெனவே உண்டு. இணையாக 'நீட்சிப் பண்பு' என்று வைத்தால் ஊறவைப்பதை ஒரே மூச்சில் விளக்கிவிடலாம்: மீட்சி தளர்கிறது, நீட்சி கூடுகிறது.

> மேலே போடும் கறிக்கு 'மேலூட்டம்'?

ஷான்சியின் சாவ்ட்ஸ என்பது பொடியாக நறுக்கிய பன்றிக் கறியை அதன் கொழுப்பிலேயே வதக்கி, வினிகரும் மிளகாய்த்தூளும் சேர்த்துச் சுண்டவைப்பது. இது தொக்கு அல்லாமல் வேறென்ன? 'கொத்துக்கறித் தொக்கு' என்று எழுதினால் சமைப்பவர் கை தானே சரியான பதத்துக்குப் போய்விடும். புதுச்சொல் தேவையில்லை. லான்ஜோ கிண்ணத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே தெளிந்த எலும்புச் சாறும் மாட்டிறைச்சித் துண்டுகளும்தான், பன்றிக்கு இடமே இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத் தலைப்பாக 'கொத்துக்கறி நீட்டுப்பட்டை' என்பதை முன்மொழிகிறேன். 'பட்டை' என்றால் கறிமசால் பட்டையோடு குழம்பும் என்று தோன்றினால் 'நீட்டுநாடா'வுக்கும் எனக்குச் சம்மதமே.

அன்புடன்.