ஈர மண்ணிலும் தக்காளி இலை தொங்குகிறது, தண்ணீர் ஊற்றலாமா?

மொட்டைமாடி:
மூன்று நாளாக விடாத மழை. மாடியில் 6 பைத் தக்காளி இருக்கிறது. அதில் 4 செடிகளின் இலைகள் மடக்கிய குடை மாதிரி கீழே தொங்குகின்றன. மண் சொதசொதவென்று இருக்கிறது. வாடுகிறதோ என்று நேற்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன், இன்னும் மோசம். வாடல் நோயா?

கொய்யாத்தோப்பு:
இனி ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்! இலையைத் தொட்டால் துவள்கிறதா, விறைப்பாக இருக்கிறதா?

மொட்டைமாடி:
விறைப்புதான். காம்பு மட்டும் வளைந்திருக்கிறது. நன்றாக இருக்கும் 2 பைகளும் செங்கல் மேல் இருப்பவை.

கொய்யாத்தோப்பு:
விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாடல் என்றால் இலை துவண்டுவிடும். இது எத்திலீன் வேலை, காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு. காற்றில்லாமல் திணறும் வேர் ஏசிசி என்ற பொருளை உண்டாக்கும். அது எத்திலீனாக மாற ஆக்சிஜன் வேண்டும், மூழ்கிய வேரில் அது ஏது? ஏசிசி சாற்றோடு மேலே ஏறி, இலைக்கு வந்துதான் எத்திலீனாகிறது. அது காம்பின் மேல்பக்கச் செல்களைக் கூடுதலாக நீட்டிவிடும், காம்பு கீழே வளையும். செங்கல் மேல் இல்லாத பைகளில் தண்ணீர் வடியவில்லை போலும், அடி ஓட்டைகளைப் பாருங்கள்.

வயல்காரன்:
குறுக்கே ஒரு சந்தேகம். என் நெல் மாதக்கணக்கில் தண்ணீரில்தானே நிற்கிறது?

கொய்யாத்தோப்பு:
நெல் வேருக்குள் காற்றுக் குழாய்கள் உண்டு. அவை பெருகவும் எத்திலீன் உதவுகிறது. பயிர் தலை முழுகினால்தான் ஆபத்து. எத்திலீன் தூண்ட, தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்க விறுவிறுவென்று நீளும், கையிருப்பு மாவுச்சத்து கரைந்து செத்துப்போகும். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்தில் சப்1ஏ என்ற மரபணு இந்த அவசரத்தை அடக்கி வைக்கிறது. 2006இல் அதை அடையாளம் கண்டார்கள். 2009இல் அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்1 என்ற நெல் ரகம் வந்தது, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும்.

மொட்டைமாடி:
ஓட்டைகளை வேர் அடைத்திருந்தது. கம்பியால் குத்தினேன், கடகடவென்று வடிந்தது. நாலு பையையும் செங்கல் மேல் ஏற்றிவிட்டேன். இரண்டு நாளில் புதுத் துளிர் நேராக வருகிறது, பழைய இலைகள் மட்டும் அப்படியே.

கொய்யாத்தோப்பு:
நீண்ட செல் திரும்பச் சுருங்காது. பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மொட்டைமாடி:
சரி. அப்புறம், தண்டின் அடியில் வெள்ளையாகப் பரு மாதிரி முளைக்கிறதே, நோயா?

கொய்யாத்தோப்பு:
புது வேர்! அதுவும் எத்திலீன் உபயம்தான். கொஞ்சம் மண் அணைத்துவிடுங்கள்.