எஸ்தோனிய மொழி பேசிப் பழக இணையக் குழு ஏதாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. எஸ்தோனியாவின் தார்த்து நகரில் படிக்கிறேன். கேலெக்லிக் என்ற எஸ்தோனிய மொழி இணையப் பாடத்தை முடித்துவிட்டேன். இலவசம்தான், ஆனால் ஏ2 என்கிற அடிப்படை நிலை வரை உருப்படியாகவே சொல்லித் தருகிறார்கள். அதற்கடுத்த பாடமான கேலெதே பாதியில் நிற்கிறது. வாசிப்பதில் சிக்கல் இல்லை, வாயைத் திறந்தால்தான் தடுமாற்றம். வேற்றுமை மட்டும் 14! நம்ம எட்டே பரவாயில்லை. 'புத்தகம் வாங்கினேன்' என்று சொல்ல, புத்தகத்துக்கு எந்த வடிவம், ராமத்தா, ராமத்துவா, ராமத்துத்தா என்று யோசித்து முடிப்பதற்குள் கடைக்காரப் பெண் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். நல்ல எண்ணம்தான், என்ன செய்ய!

டுவோலிங்கோவில் எஸ்தோனியம் கிடையாது. தாலின், நார்வா நகரங்களில் எஸ்தோனியம் பழக உதவும் மொழி இல்லங்களில் உரையாடல் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் இணையவழிக் கூட்டத்தில் யாராவது கலந்துகொண்டதுண்டா? டிஸ்கார்டிலோ டெலிகிராமிலோ குரல் அரட்டை உள்ள குழு தெரிந்தால் சொல்லுங்கள். வெறும் மீம்ஸ் குழு வேண்டாம். தப்பாகப் பேசினால் திருத்துகிற ஆட்கள் வேண்டும். பதிலுக்கு நான் ஆங்கிலமோ தமிழோ சொல்லித்தரத் தயார்.

அப்புறம், பி1 எனும் இடைநிலை எஸ்தோனிய மொழித் தேர்வுக்குப் படிக்கிற நம்மவர்கள் இருந்தால் இங்கேயே கை தூக்குங்கள். வாரம் ஒரு மாலை நாமே கூடிப் பேசலாம்.