மானிட்டர் இல்லாம பை ஜீரோ 2 டபிள்யூ: வைஃபைல வரவே மாட்டேங்குது

மின்கம்பி:
ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு. மானிட்டர், கீபோர்டு கிடையாது. 32 ஜிபி கார்டுல புக்வார்ம் லைட் (பையோட ஓஎஸ், டெஸ்க்டாப் இல்லாதது) எழுதி, பூட் பார்ட்டிஷன்ல எஸ்எஸ்எச்னு (வேற கம்ப்யூட்டர்ல இருந்து லாகின் பண்ற வழி) காலி ஃபைல் ஒன்னு, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் போட்ட டபிள்யூபிஏ சப்ளிகன்ட் ஃபைல் ஒன்னு வச்சாச்சு. பச்சை எல்இடி துடிக்குது, ஆனா ரவுட்டர் பட்டியல்ல பை இல்ல. மூணு தடவை எழுதியாச்சு. எங்க தப்பு?

பூட்லோடர்:
கார்டு சரிதான். 4 அல்லது 7 முறை, விட்டு விட்டு ஒரே கணக்கில் துடித்தால்தான் பூட் ஃபைலோ கர்னலோ கிடைக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் பிடித்த முறை பழசு. 2023 அக்டோபரில் வந்த புக்வார்மிலிருந்து வைஃபை, நெட்வொர்க் மேனேஜர் என்ற புரோகிராம் கையில். அந்த சப்ளிகன்ட் ஃபைலை அது சீண்டுவதே இல்லை. காலி எஸ்எஸ்எச் ஃபைல் இன்னும் வேலை செய்யும். ஆனால் 2022 ஏப்ரலில் 'பை' என்ற யூசரை எடுத்துவிட்டார்கள், நெட்வொர்க் கிடைத்திருந்தாலும் லாகின் ஆகியிருக்காது.

இமேஜரை (கார்டில் ஓஎஸ் எழுதும் புரோகிராம்) புதுப்பித்துத் திரும்ப எழுதுங்கள். எழுதும் முன் செட்டிங்ஸில் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் பையின் பெயர்), யூசர், பாஸ்வேர்டு, வைஃபை, எஸ்எஸ்எச் ஐந்தையும் நிரப்புங்கள். வைஃபை நாடு 'ஐஎன்' (இந்தியா). அதை விட்டால் வைஃபை ரேடியோ பூட்டியே கிடக்கும்.

ஆன்டெனா:
முக்கியமானது ஒன்னு: இந்த போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். 5ல இருக்கிற வைஃபை பேரைக் கொடுத்தா ஜென்மத்துக்கும் வராது. ரவுட்டர்ல வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருந்தா டபிள்யூபிஏ2க்கு மாத்துங்க. கெஸ்ட் நெட்வொர்க் வேண்டாம், பல ரவுட்டர்ல அதுக்குள்ள ஒரு டிவைஸ் இன்னொன்னைப் பார்க்க முடியாது.

பவர் கேபிள் போர்டு ஓரத்துல இருக்கிற மைக்ரோ யுஎஸ்பில, 5 வோல்ட் 2.5 ஆம்பியர். முதல் தடவை பார்ட்டிஷனை விரிச்சு ரீஸ்டார்ட் ஆகும். அஞ்சு நிமிஷம் தொடாதீங்க. பாதில பிடுங்கினா திரும்ப எழுத வேண்டி வரலாம்.

மின்கம்பி:
5 கிகாஹெர்ட்ஸ் பேரைத்தான் போட்டிருந்தேன்! இப்ப ஹோஸ்ட்நேம் டாட் லோக்கல்னு அடிச்சா ஆள் இருக்கு, ஆனா ஹோஸ்ட் கீ (பையை அடையாளம் காட்டுற சாவி) மாறிடுச்சுன்னு பெருசா எச்சரிச்சு எஸ்எஸ்எச் நின்னுடுது.

பூட்லோடர்:
அதே ஹோஸ்ட்நேமில் முன்பு ஒரு பை இருந்திருக்கும். கார்டை எழுதும்போதெல்லாம் புதுச் சாவி உருவாகும். உங்கள் லேப்டாப்பில் பழையது கிடக்கிறது. எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் பெரிய ஆர் ஆப்ஷனும் ஹோஸ்ட்நேமும் கொடுத்து அந்தப் பழைய சாவியின் வரியை நீக்குங்கள்.

சாலிடர்:
நெட்வொர்க்கே வராதப்போ சீரியல் கன்சோல்தான் (யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் கம்பி வழியா லாகின்) கதி. கான்ஃபிக் ஃபைல்ல எனேபிள் யுஆர்ட் 1, வேகம் 115200. கிரவுண்ட் 6ஆம் பின், போர்டோட டிஎக்ஸ் (அனுப்புறது) 8, ஆர்எக்ஸ் (வாங்குறது) 10. அடாப்டரோட ஆர்எக்ஸ் 8க்கும் டிஎக்ஸ் 10க்கும் போகணும். 3.3 வோல்ட் அடாப்டர் மட்டும். அதோட 5 வோல்ட் கம்பியை எங்கேயும் சொருகாம விடுங்க. ஜீரோ 2 டபிள்யூ பின் இல்லாமதான் வரும், ஹெடரை (பின் வரிசை) சாலிடர் பண்ணணும்.