பிஆர்எம் வி16: தோத்துப்போன காரை 70 வருஷம் கழிச்சு ஏன் புதுசா செஞ்சாங்க?

சத்தப்பிரியன்:
நேத்து நைட் ஹெட்போன் மாட்டிக்கிட்டு பிஆர்எம் வி16ங்கற பழைய பிரிட்டிஷ் ரேஸ் கார் ஓடுற வீடியோ பாத்தேன், அந்த அலறல் இன்னும் காதுலயே நிக்குது. 1950 கார், வெறும் 1.5 லிட்டர், அதுல 16 சிலிண்டர்! ஆனா எங்க படிச்சாலும் தோல்வி தோல்வின்னுதான் போட்டிருக்கு. அப்படி என்ன கோளாறு? இப்ப எதுக்கு அதையே திரும்ப செய்யறாங்க?

லேத்பட்டறை:
கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சிலிண்டருக்கு 93 சிசிதான் வருது, 100 சிசி பைக்கை விட சின்னது. குட்டி பிஸ்டன்ங்கறதால 12,000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தும், அந்த அலறல் அங்கேர்ந்துதான் வருது. சிக்கல் சூப்பர்சார்ஜர்ல, அதாவது இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பற கருவில. ரோல்ஸ்ராய்ஸ் குடுத்தது, விமான இன்ஜின்ல வர்ற சென்ட்ரிஃபியூகல் டைப், இதுல ஸ்பீடு ரெண்டு மடங்கானா பூஸ்ட், அதாவது அந்த காத்தழுத்தம், கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறும். வானத்துல ஒரே சீரா ஓடுற இன்ஜினுக்கு அது ரொம்ப சரி, ஆனா வளைவுல மெதுவா வந்து திரும்ப வேகம் எடுக்கற காருக்கு கீழ பவரே இல்ல, மேல போகப்போக திமுதிமுன்னு ஏறி பின் வீல் வழுக்க ஆரம்பிச்சிடும்.

பழையரேஸ்:
வரலாறு நான் சொல்றேன். ரேமண்ட் மேஸும் பீட்டர் பெர்த்தனும் இங்கிலாந்து லிங்கன்ஷயர்ல இருக்கிற போர்ன் ஊர்ல ஆரம்பிச்ச டீம்தான் பிஆர்எம், பிரிட்டிஷ் கம்பெனிங்க நிறைய பேர் பணமும் பார்ட்ஸும் குடுத்தாங்க, அதனால ஜனங்க ரொம்ப எதிர்பார்த்தாங்க. 1950 ஆகஸ்ட், சில்வர்ஸ்டோன் டிராக்ல முதல் ரேஸ், கொடி விழுந்ததும் டிரைவர் ரேமண்ட் சோமர் கிளட்ச்சை விட்டாரு, டிரான்ஸ்மிஷன் உடைஞ்சு கார் அங்கயே நின்னுடுச்சு. ஜனங்க பென்னி காசை விட்டெறிஞ்சாங்க. இத படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஆனா அடுத்த மாசமே குட்வுட் டிராக்ல இன்னொரு டிரைவர் ரெஜ் பார்னல் இதே கார்ல ரெண்டு ரேஸ் ஜெயிச்சாரு, அத யாரும் சொல்றதில்ல. 1951 பிரிட்டிஷ் கிராண்ட்ப்ரீல பார்னல் அஞ்சாவது, பீட்டர் வாக்கர் ஏழாவது, காக்பிட் சூட்டுல ரெண்டு பேருக்கும் தீக்காயம், அதோடதான் ஓட்டி முடிச்சாங்க. உலக சாம்பியன்ஷிப்ல இந்த கார் ஸ்டார்ட் பண்ணது அந்த ஒரே ரேஸ்தான். 1952ல டூரின் ரேஸுக்கு இவங்க வரல, ஃபெராரியை எதிர்க்க ஆளில்லன்னு ஆனதும் சாம்பியன்ஷிப்பை ஃபார்முலா 2ங்கற கீழ் வகுப்பு காருக்கு மாத்திட்டாங்க, உலக சாம்பியன் ஃபாஞ்சியோவே வந்து ஓட்டியும் சின்னச்சின்ன ரேஸோட நின்னுபோச்சு.

ஆயில்கறை:
புதுசா செஞ்சது அதே போர்ன் ஊர்ல இருக்கிற ஹால் அண்ட் ஹால்ங்கற பழைய ரேஸ் கார் பட்டறை. 1952ல டீமை வாங்குன ஆல்ஃபிரட் ஓவனோட பையன் ஜான் ஓவன்தான் முதல் காருக்கு ஆர்டர் குடுத்தாரு, பழைய டிராயிங்கை வச்சு மொதல்லேர்ந்து செஞ்சு 2021 குட்வுட் ரிவைவல்ங்கற பழைய கார் ரேஸ் விழாவுல காட்டினாங்க. காரணம் ரொம்ப சிம்பிள்: மிச்சமிருக்கிற பழைய கார் மியூசியத்துக்கானது, அத முழு வேகத்துல விரட்ட யாருக்கும் மனசு வராது. உடைஞ்சா திரும்ப செய்யலாம்னு இருக்கிற கார்லதான் 12,000 ஆர்பிஎம் தொட முடியும், நீங்க ஹெட்போன்ல கேட்ட சத்தத்தை நேர்ல கேக்கவும் முடியும்.